தலையாட்டிய எருமையும் ஆமையின் ஆல்பமும்

ஒரு காட்டில், ஒரு குளத்தங்கரையில், வெள்ளையம்மா என்று ஓர் எருமை இருந்தது. கன்னங்கரேலென்று இருக்கிற எருமைக்கு எவன் இந்தப் பெயரை வைத்தான் என்று என்னைக் கேட்காதீர்கள். பெயர் வைக்கிறவனுக்குக் கண் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இந்தக் கதையில் நரி எங்கே என்றும் தேடாதீர்கள். காலங்காலமாக எல்லாக் கதையிலும் நரிக்கே வேலை கொடுத்துக்கொண்டிருந்தால் மற்ற மிருகங்கள் பிழைக்க வேண்டாமா?

அந்தக் காட்டுக்கு அப்போது மெட்டல் என்கிற காதடைக்கும் கிடார்ப் பாட்டுப் பைத்தியம் பிடித்திருந்தது. மரத்துக்கு மரம் ஸ்பீக்கர். முயல்குட்டி முதல் காட்டெருது வரை எல்லார் காதிலும் ஹெட்போன். யானைக்கு மட்டும் தனியாகச் செய்யக் கொடுத்தது இன்னும் வந்து சேரவில்லை. வழியில் பார்த்தால் "சாப்பிட்டாயா" என்று கேட்கிற வழக்கமே போய் "புது ஆல்பம் கேட்டாயா" என்றாகிவிட்டது. கேட்டேன் என்று சொன்னால் மட்டும் போதுமா? கருத்து வேறு சொல்ல வேண்டும். ஆலமரத்து உச்சியில் ஒரு காக்கை இருந்தது. எந்த பேண்டைப் பற்றி, அதாவது எந்தப் பாட்டுக்குழுவைப் பற்றிக் கேட்டாலும், "முதல் ஆல்பம்தான் ஆல்பம். அப்புறம் எல்லாம் காசுக்காகப் பண்ணினது" என்றுவிடும். ஒரு பேண்ட் தன் முதல் ஆல்பத்தையே கொண்டுவந்து காட்டியபோதுகூடக் கொஞ்சமும் கூச்சப்படாமல், "இதுக்கு முன்னாடி சும்மா வாசிச்சுப் பழகினாங்களே, அதுல இருந்த உயிர் இதுல இல்ல" என்றது.

வெள்ளையம்மாவுக்கும் கருத்துகள் இருந்தன. நிறையவே இருந்தன. நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்து அசைபோடுகிற ஜீவனுக்கு வாய்க்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது? எல்லா ஆல்பத்தையும் ஒரு பாட்டு விடாமல் கேட்டிருந்தது. ஆனால் எருமையிடம் போய் யார் கருத்துக் கேட்பார்கள்?

இப்படி இருக்கையில் ஒரு நாள் காட்டுப்பன்றிகள் "கிழங்குக் கலகம்" என்று ஓர் ஆல்பம் போட்டன. குளத்துப் பாறைமேல் வெளியீட்டு விழா. வெள்ளையம்மாவும் கரையில் நின்று கேட்டது. கேட்கக் கேட்கச் சலிப்பாக இருந்தது. டிரம்ஸ் என்னமோ தகரக் கூரைமேல் கல் விழுகிற மாதிரி விழுந்துகொண்டே இருந்தது. பாடுவது யார், சும்மா உறுமுவது யார் என்று பிரிக்க முடியவில்லை. "எதுக்கு இந்த ஓட்டம் ஓடுறானுங்க? பின்னாடி சிறுத்தை வருதா?" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டது. பாட்டில் மனம் நிற்காததால் மூஞ்சியில் மொய்த்த ஈக்கள் உறைக்க ஆரம்பித்தன. ஈயை ஓட்டத் தலையை இப்படியும் அப்படியும் ஓர் உலுக்கு உலுக்கியது.

அவ்வளவுதான்!

"ஐயோ, இங்க பாருங்க! எருமை தலையாட்டுது!" என்று ஒரு முயல் கத்தியது.

கூட்டமே திரும்பிப் பார்த்தது. மெட்டல் கேட்கிறவர்களுக்குப் பாட்டுப் பிடித்துவிட்டால் தலையைப் பிய்த்துக்கொள்கிற மாதிரி உலுக்குவார்கள் என்பது காட்டுக்கே தெரியும். எருமைமேல் மழை பெய்தாலும் அது அசையாது என்பதும் காட்டுக்கே தெரியும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். மழைக்கே அசையாத எருமையை ஓர் ஆல்பம் அசைத்துவிட்டது என்றால், அடேயப்பா, அது எப்பேர்ப்பட்ட ஆல்பம்! சாயங்காலத்துக்குள் "கிழங்குக் கலகம்" காடு முழுக்க அலறியது.

"நாலுகால் நாதம்" என்ற இசைக் கம்பெனியை நடத்திவந்த கீரி சிங்காரம், மறுநாளே ஒரு மூட்டைப் பருத்திக்கொட்டையோடு குளத்தங்கரையில் வந்து நின்றது.

"அம்மா, இனிமே எங்க ஆல்பம் எல்லாத்தையும் நீங்கதான் முதல்ல கேக்கணும். உங்க தலை ஆடினாத்தான் வெளியிடுவோம்."

பிறந்ததிலிருந்து "ஏ எருமை" என்பதைத் தவிர வேறு மரியாதையைக் கண்டறியாத வெள்ளையம்மாவுக்கு அந்த "அம்மா" உள்ளங்கால் வரைக்கும் இனித்தது. ஈ விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தது. பருத்திக்கொட்டை மணம் மூக்கில் ஏறியது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. ஏன், நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களாக்கும்?

அதன்பிறகு குளத்தங்கரையில் பேண்டுகள் வரிசை கட்டின. டோக்கன் கொடுக்க ஒரு கொக்கை நிறுத்த வேண்டியதாயிற்று. மயில்கள் வந்தன. நடுவில் ஒரு கிடார் வாசிப்பை ஆரம்பித்தால் அது முடிவதற்குள் பாட்டு எதைப் பற்றியது என்பதே மறந்துவிடும். "கையில வித்தை இருக்கு. ஆனா யாராவது பாக்குறாங்களான்னு பாத்துப் பாத்து வாசிக்குதுங்க" என்பது வெள்ளையம்மாவின் கருத்து. கழுதைப்புலிகள் மூஞ்சியெல்லாம் சாம்பலைப் பூசிக்கொண்டு "சாவே வா" என்று ஓர் ஆல்பத்தோடு வந்தன. நல்ல உருக்கமான இடமாகப் பார்த்துப் பாடகனுக்குச் சிரிப்பு வந்துவிடும். "வான்னு கூப்பிட்டுட்டு இப்படிச் சிரிச்சா சாவு வருமா? நம்மள வெச்சு வேடிக்கை பண்றாங்கன்னு வாசலோட திரும்பிப் போயிடாதா?" என்று நினைத்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் சலித்தது, ஈ கடித்தது, தலை ஆடியது, ஆல்பம் ஓடியது. அட்டைப்படத்தில் கொம்போடு அதன் மூஞ்சியைப் போட்டு "வெள்ளையம்மா தலையாட்டியது" என்று முத்திரை வேறு குத்தினார்கள்.

ஒருமுறை அதற்குப் பொறுக்கவில்லை.

"சிங்காரம், அந்த மூணாவது பாட்டுல பேஸ் கிடார் சுத்தமா கேக்கவே இல்ல. அதைக் கொஞ்சம் தூக்கிவிட்டா..."

"அம்மா, வாயை எதுக்கு வருத்திக்கிறீங்க? எங்களுக்குத் தலை போதும்" என்று கும்பிட்டது கீரி.

அதே குளத்தில் மெய்யப்பன் என்று ஓர் ஆமை இருந்தது. வெள்ளையம்மாவுக்கு நெடுநாள் சிநேகிதம். யாருமே பேசாத காலத்திலும் வெள்ளையம்மாவை "அக்கா" என்று கூப்பிட்ட ஒரே பிராணி அதுதான். அதுவும் ஒரு தேரையும் சேர்ந்து ஓர் ஆல்பம் செய்துகொண்டிருந்தன. மெட்டலிலேயே மெதுவாக வாசிப்பதென்று ஒரு வகை உண்டு. ஆமைக்கு வேறு எந்த வகை வரப்போகிறது? ஆமை கிடார், பாட்டு. தேரை டிரம்ஸ். ஓர் அடி அடித்துவிட்டு அடுத்த அடிக்குள் தேரை நிதானமாக ஒரு கொட்டாவி விட்டுக்கொள்ளும். பன்றிகள் நாலு ஆல்பம் போட்ட காலத்தில் இவை ஒரு பாட்டின் முதல் பாதியை முடித்திருந்தன. ஆனால் அந்தச் சத்தம் சேற்று வழியாக வந்து, படுத்திருக்கிற வெள்ளையம்மாவின் வயிற்றில் அதிரும். துண்டு துண்டாகக் கேட்டதற்கே அன்றைக்கு முழுக்க மனசு ஒரு மாதிரி இருக்கும்.

ஒருவழியாக ஆல்பம் முடிந்தது. வாசித்து வாசித்து மெய்யப்பனின் நகமெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. இன்னொரு தடவை வாசிப்பதென்பது நடக்கிற காரியமில்லை. பதிவு செய்தது கம்பெனி ஸ்டுடியோவில். பிரதி கொடுப்பது கம்பெனி வழக்கத்தில் இல்லை.

சிங்காரம் கேட்டுப் பார்த்துவிட்டு மூஞ்சியைச் சுளித்தது. "இது ஆரம்பிச்சாச்சா, இன்னும் இல்லையா? சரி, ஊர் கூடி நிக்கட்டும். வெள்ளையம்மா தலை ஆடினா ஏழு காட்டுக்கும் அனுப்பறேன். ஆடலேன்னா அழிச்சிடுவேன். கம்ப்யூட்டர்ல இடம் இல்ல."

விழாவுக்கு முதல்நாள் மெய்யப்பன் வெள்ளையம்மாவிடம் வந்தது. "அக்கா, நாளைக்கு நம்ம ஆல்பம்."

"தெரியும்டா. கவலைப்படாதே. கழுத்து சுளுக்கினாலும் ஆட்டறேன்."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. பிடிச்சா ஆட்டுங்க. இல்லேன்னா வேண்டாம். உங்க தலை பொய் சொல்லாதுன்னு காடே நம்புது. நானும் நம்பறேன்."

வெள்ளையம்மாவுக்கு நெஞ்சைக் குத்தியது. "மெய்யப்பா, உன்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிடறேன். இதுவரைக்கும் ஆட்டினதெல்லாம் பாட்டுக்காக இல்ல. ஈ. மூஞ்சில ஈ மொய்க்குது, ஆட்டறேன். அவ்வளவுதான்."

மெய்யப்பன் கழுத்தை நீட்டிச் சிரித்தது. "பெரியவங்க எப்பவும் இப்படித்தான் தன்னடக்கமாப் பேசுவீங்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனது.

மறுநாள் காடே திரண்டது. வெள்ளையம்மா கால்களை அகட்டி நின்று, முதல் சுரம் விழுந்ததும் ஆட்டிவிடுவது என்று கழுத்தைத் தயாராக வைத்துக்கொண்டது.

ஸ்பீக்கரில் முதல் சுரம் விழுந்தது.

வெள்ளையம்மா ஆட்ட வேண்டும் என்பதையே மறந்துவிட்டது. சத்தம் காலடி மண்ணிலிருந்து ஏறி வயிற்றில் நின்றது. இத்தனை நாள் துண்டு துண்டாகக் கேட்டது இப்போது முழுசாக வந்தது. ஈக்கள் மூக்கில் உட்கார்ந்தன, கண்ணிமையில் உட்கார்ந்தன, காதுக்குள் புகுந்து குடித்தனம் நடத்தின. ஒன்றும் உறைக்கவில்லை. மேடை ஓரத்திலிருந்து தேரை கண்ணைக் காட்டியது, குச்சியைக் காட்டியது. எதுவும் தெரியவில்லை. கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. எருமையின் கருப்பு மூஞ்சியில் அதை யார் கவனிப்பார்கள்? ஆல்பம் முடிந்தபோது அது வைத்த காலை வைத்தபடி, தூக்கிய காதைத் தூக்கியபடி அப்படியே நின்றது.

"எருமைமேல மழை பெஞ்ச மாதிரி நிக்குது!" என்றது முயல்.

"ஆல்பம் அவ்வளவுதான்" என்றது காக்கை. "முதல் ஆல்பம் நல்லா இருந்துச்சு."

"இதுதான் முதல் ஆல்பம்."

"அதனாலதான் சொல்றேன்."

சிங்காரம் கம்ப்யூட்டர் பக்கம் நடந்தது. கூட்டம் கலைந்துவிடக் கூடாதே என்று போகிற போக்கில் ஒரு பல்பொடி விளம்பரத்தைத் தட்டிவிட்டது. "பல்லு பல்லு பளபள, பல்லே இல்லாட்டி கலகல" என்று ஸ்பீக்கர் பாட ஆரம்பித்தது.

அப்போதுதான் வெள்ளையம்மாவுக்குச் சுயநினைவு வந்தது.

"நில்லு சிங்காரம்! அழிச்சிடாதே!" என்று கத்தியது. "நான் சொல்றதைக் கேளுங்க எல்லாரும். அந்த முதல் பாட்டுல கிடார் ஒரே சுரத்தைப் பிடிச்சிக்கிட்டு நின்னுதே, கோடையில வத்தின குளம் மழைக்குக் காத்துக் கிடக்கிற மாதிரி. அந்தக் கோடையில நான் நின்னிருக்கேன், எனக்குத் தெரியும். மூணாவது பாட்டுல தேரை ஓர் அடியை அடிக்காம விட்டுச்சு பாருங்க, அது அடிச்ச அடியை விடப் பலமா விழுந்துச்சு. கடைசிப் பாட்டு நடுவுல கொஞ்சம் தொய்யுது, இல்லேன்னு சொல்லல. ஆனா இந்தக் காட்டுல இப்படி ஒரு ஆல்பம் வந்ததில்ல. இனிமே வரவும் வராது."

கூட்டம் ஒரு கணம் வாயைப் பிளந்து நின்றது. அப்புறம் கொல்லென்று சிரித்தது.

"எருமைக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்?" என்றது காக்கை.

"ஏன், இத்தனை நாள் என்னைக் கேட்டுத்தானே எல்லாத்தையும் வாங்கினீங்க?"

"உன்னை எங்க கேட்டோம்? உன் தலையை இல்ல கேட்டோம்!"

"தலை ஆடினது ஈக்கு! பாட்டு பிடிக்காதப்பதான் ஈ கடிக்கிறதே தெரியும்!"

பன்றிகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "விருது வாங்கின ஆல்பத்தை ஈயோட சேத்துப் பேசாதீங்க" என்று முறைத்தன. "பாவம், வெயில் ஒத்துக்கல" என்று மான் உச்சுக் கொட்டியது. "அம்மாவுக்கு யாராவது தண்ணி குடுங்கப்பா" என்றது சிங்காரம்.

"இல்ல! இல்ல! இல்லவே இல்ல!" என்று வெள்ளையம்மா ஆத்திரத்தோடு தலையை இப்படியும் அப்படியும் உலுக்கியது. கொம்பு காற்றைக் கிழித்தது. அப்படி ஓர் உலுக்கலை அந்தக் காடு கண்டதே இல்லை.

"பல்லே இல்லாட்டி கலகல!" என்றது ஸ்பீக்கர்.

"ஆடிருச்சு! ஆடிருச்சு!" என்று கூட்டம் விண்ணதிரக் கூவியது. "பல்பொடிப் பாட்டுக்கு ஆடிருச்சு!" மரத்துக்கு மரம் தலைகள் உலுங்கின. பன்றிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. யானைகூட, ஹெட்போன் இல்லாமலே, காதை விசிறிக்கொண்டு ஆடியது. சிங்காரம் ஒரு கையால் பல்பொடிக் கம்பெனிக்குப் போன் போட்டது. மறு கையால் மெய்யப்பன் ஆல்பத்தை அழிக்கிற பொத்தானை ஓர் அழுத்து அழுத்தியது.

மெய்யப்பன் குளத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. ஆமைதானே, வெள்ளையம்மா ஓடிப்போய் எட்டிப் பிடித்துவிட்டது.

"மெய்யப்பா, சத்தியமாச் சொல்றேன். என் ஆயுசுல நான் கேட்டதுலயே..."

"வேண்டாம்க்கா" என்றது மெய்யப்பன். குரலில் கோபம்கூட இல்லை. "பிடிக்கலேன்னா பிடிக்கல. அதுல ஒண்ணும் தப்பில்ல. பல்பொடிக்கு நீங்க ஆடின ஆட்டத்தைத்தான் நான் கண்ணால பாத்தேனே. தலை உண்மையைச் சொன்னதுக்கப்புறம் வாயால எதுக்குப் பொய் சொல்லணும்?"

சொல்லிவிட்டுத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. வெள்ளையம்மா மூக்கால் தட்டியது, கெஞ்சியது, அழுதது. ஆமை திறக்கவில்லை.

மறுநாள் காலையில் சிங்காரம் பருத்திக்கொட்டையோடு வந்து நின்றது. "அம்மா, இன்னிக்கு சோப்பு விளம்பரம் நாலு, தலைவலித் தைலம் ரெண்டு. எல்லாம் பெரிய பேண்டுங்க."

"சிங்காரம், அந்த மெய்யப்பன் ஆல்பம்..."

"எந்த மெய்யப்பன்?" என்று கேட்டபடியே அது பாட்டைத் தட்டிவிட்டது.

சோப்பு நுரை பொங்குவதைப் பற்றி நாலு கழுதைப்புலிகள் அடித்தொண்டையில் அலற ஆரம்பித்தன. வெள்ளையம்மா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, இல்லை இல்லை என்று ஆட்டிக்கொண்டே இருந்தது. என்ன ரசனை, என்ன ரசனை என்று காடே மெய்சிலிர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

நீதி: உனக்குப் பிடித்த பாட்டை ஊர் பார்க்கக் கேட்காதே; அப்புறம் அதை யாருமே கேட்க முடியாது.