தங்கச்சி மகள் காதும் ஆட்டு ரோமப் பனியனும்

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் என்று கூக்காலில் எனக்கு ஒரு பெயர் உண்டு. முருகன் அறிய சொல்கிறேன், அந்தப் பெயரால் எனக்கு ஒரு நன்மையும் நடந்ததில்லை. மற்றவர்கள் "பாக்கலாம்", "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் பூண்டுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விடுவார்கள். நான் மட்டும் "சரி" என்று சொல்லிவிட்டு அகப்பட்டுக்கொள்வேன். அப்படிச் சொன்ன ஒரு "சரி"தான் ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் என்னைப் பழனி அடிவாரத்தில், பட்டப்பகலில், தலையில்லாத முண்டமாக நிறுத்தியது. (பயந்துவிடாதீர்கள். தலை இருந்தது. வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.)

என் மச்சினன் செந்தில் கொடைக்கானலில் டூரிஸ்ட்டுகளைக் காட்டுப் பாதையில் நடக்கக் கூட்டிப்போகிறவன். ஒரு நாள் கையில் ஒரு சின்னப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தான். பிரித்தால் கறுப்பு நிறத்தில் முழுக்கைப் பனியன். மலையேறுகிறவர்கள் மேல்சட்டைக்கு உள்ளே, தோலோடு தோலாகப் போட்டுக்கொள்வதாம். ஏதோ ஒரு சாதிச் செம்மறி ஆட்டின் ரோமத்தில் நெய்தது. புதிதாகத் தொடங்கிய ஒரு கம்பெனி, கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் போட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்லி அவனுக்கு அனுப்பியிருந்தது.

"எனக்கு லொடலொடன்னு கெடக்கு மச்சான். உங்க உடம்புக்குத்தான் பிடிப்பா நிக்கும். காட்டு வேலைக்குப் போகையில ஒரு வாரம் போட்டுப் பாருங்க. மழையோ பனியோ, விடாமப் போடணும். நடுவுல தொவைக்கக் கூடாது. எத்தனை வேர்த்தாலும் நாறாதாம். அதத்தான் பாக்கணும்."

அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி கேட்டாள்: "நாறாதுன்னு யாரு சொன்னது, ஆடு சொல்லுச்சா?"

"ஏலே, ஒரு வாரம் தொவைக்காமயா? நான் தினம் சாமிக்கு விளக்கு வைக்கிறவன்டா."

"விளக்கு வைக்கையில கழட்டிக்கங்க. சரின்னு சொல்லுங்க மச்சான்."

சரி என்று சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், முருகன் பேரில் வாக்குக் கொடுக்கிறேன், பார்த்ததைப் பார்த்தபடி சொல்வேன் என்றும் சொல்லிவைத்தேன். (யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.)

உள்ளதைச் சொல்ல வேண்டும். பனியன் நல்ல பனியன். வெள்ளனே பனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும்போது பூண்டுக் காட்டில் இறங்கினால், போர்வைக்குள் இருக்கிற மாதிரியே இருந்தது. மூட்டை தூக்கினேன், மருந்தடித்தேன், தூறலில் நனைந்தேன். வேலையை விடச் சோதனைதான் எனக்குப் பெரிய சோலியாகிப் போனது. சாயங்காலம் ஆனால் வரப்பில் நின்று கையைத் தூக்கி அக்குளை மோந்து பார்ப்பேன். ஒரு நாள் பக்கத்துக் காட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். நான் விவரத்தைச் சொல்லி, "நீங்களும் ஒரு தடவை மோந்து சொல்லுங்கண்ணே, ரெண்டு பேரு சாட்சி இருந்தா நல்லது" என்றேன். அவர் அன்றிலிருந்து மேல் வரப்பு வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினார்.

வாரம் முடிய ஒரு நாள் இருக்கும்போதுதான் என் தங்கச்சி மகள் வள்ளிக்குக் காது குத்து வந்தது.

எனக்கு ஒரே தங்கச்சி, செல்வி. கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து, பழனி மலையானைக் கும்பிட்டுக் கும்பிட்டுப் பிறந்தவள் வள்ளி. பிள்ளை பிறந்தால் என் தலைமுடியைத் தருகிறேன் என்று நானும் நேர்ந்திருந்தேன். அதனால் பழனி அடிவாரத்திலேயே, நான் மொட்டை போட்டுக் குளித்துவிட்டு வந்து உட்கார, என் மடியில் வைத்துக் குழந்தைக்குக் காது குத்துவது என்று ஏற்பாடு. தாய்மாமன் மடி என்பது எங்கள் பக்கத்தில் சும்மா இல்லை. மற்ற எதை விட்டாலும் இதை விட முடியாது. செல்வியின் மாமியாருக்கு மட்டும், தன் மூத்த மகன் மடியில் உட்கார வைத்தால் என்ன என்று ஒரு நினைப்பு ஆரம்பத்திலிருந்தே இருந்தது.

காது குத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பனியனைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அது வெந்நீர் அண்டாவுக்குள், சோடா உப்போடு கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னடி பண்ணின? வாரம் முடியலையே. நான் முருகன் பேருல சொன்ன சொல்லு என்னாகுறது?"

"அந்த முருகன் சந்நிதிக்கே அழுக்குத் துணியோட போவீகளா? அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க போய் திருநீறு பூசுங்க."

பிழிந்து, அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டாள். கரண்டு இல்லாத விடியற்காலையில், குளிரில் பல் கிட்டித்துக்கொண்டு அதை எடுத்து மாட்டினேன். சிரமப்பட்டுத்தான் உள்ளே போனது. வயிற்றுக்குப் பாதியில் நின்றது. கை மணிக்கட்டுக்கு வந்து சேரவில்லை. ஒரே ராத்திரியில் நான் பருத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். (ஆட்டு ரோமம் கொதிநீரில் சுருங்கும் என்பது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆட்டைப் பார்த்தால் அப்படி ஒன்றும் தோன்றாது. அது மழையில் நனைந்துகொண்டேதானே மேய்கிறது?) அதற்கு மேலே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

கொடைக்கானல் தாண்டி, வடகவுஞ்சி தாண்டி, பழனி ரோட்டில் வளைவு வளைவாக இறங்க இறங்க வெக்கை ஏறியது. என் நெஞ்சை யாரோ பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டே வருகிற மாதிரி இருந்தது. அடிவாரம் வந்தபோது மூச்சு முட்டியது. ஜீப்பில் பெண்கள் இருக்கும்போது எப்படிக் கழற்றுவது?

மொட்டை போடும் இடத்தில் வெள்ளைச் சட்டையை மட்டும் கழற்றி உட்கார்ந்தேன். முடி இறக்குகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதென்ன சாமி, ஏதும் அடிபட்டுக் கட்டுப் போட்டிருக்கீகளா?"

"பனியன்தாங்க. வெரசாப் போடுங்க. காது குத்துக்கு நேரமாகுது."

மொட்டை முடிந்தது. குழாயடிக்குப் போய் முதலில் தலையில் தண்ணீரை ஊற்றினேன். அதுதான் என் அறிவு. கழற்றிவிட்டு ஊற்றியிருக்க வேண்டும். நனைந்த பனியன் இன்னும் இறுகிப் பிடித்தது. இரண்டு கையையும் குறுக்காக விட்டு, அடியைப் பிடித்து, முருகா என்று ஒரே இழுப்பாகத் தலைக்கு மேலே இழுத்தேன். வயிறு வெளியே வந்தது, நெஞ்சு வெளியே வந்தது. முகம் உள்ளே போனது. அங்கேயே நின்றது. மழித்த தலைக்கும் அந்த ரோமத்துக்கும் போன பிறவியில் ஏதோ ஒட்டுறவு இருந்திருக்க வேண்டும். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இரண்டு கையும் தலைக்கு மேலே மாட்டிக்கொண்டு நின்றன.

ஆள் குரல் கேட்ட பக்கம் நடந்தேன். யாராவது இழுத்துவிடுவார்கள் என்ற எண்ணம்தான். ஆனால் பழனியில், இடுப்பில் ஈர வேட்டியோடு, கண்ணைக் கட்டி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒருவன் தட்டுத்தடுமாறி நடந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? "சாமிக்கு வழி விடுங்கப்பா" என்று ஒரு குரல் கேட்டது. "கண்ணக் கட்டிக்கிட்டு நடக்குறாரு. பெரிய வேண்டுதலா இருக்கும்" என்றது ஒரு பெண் குரல். யாரோ என் காலில் தண்ணீர் ஊற்றித் தொட்டுக் கும்பிட்டார்கள்.

"யப்பா, இதக் கொஞ்சம் இழுத்து விடுங்கப்பா" என்றேன். கம்பளிக்குள்ளிருந்து அது முனகலாகத்தான் போயிருக்கும்.

"பேசாதீக சாமி, விரதம் கலைஞ்சிரும்" என்று ஒருவர் என் முழங்கையை அன்போடு பிடித்தார். பாதயாத்திரை வந்த கூட்டம் போலிருக்கிறது. மேளம் தட்டினார்கள். "அரோகரா" என்றார்கள். நான் உள்ளே இருந்து கத்தக் கத்த, அவர்களும் அதற்கு மேலே "அரோகரா" என்றார்கள். கிரிவலப் பாதையில் என்னை நடத்திக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு அடியும் வள்ளியின் காதை விட்டு என்னைத் தூரமாகக் கொண்டுபோகிறது என்று எனக்குத் தெரிகிறது. அழுகை வந்துவிட்டது. ஆண்டவனே, உனக்காகக் கொடுத்த முடிக்கு இதுதான் ரசீதா என்று கேட்டேன்.

காது குத்துக்கு எல்லாரும் காத்திருந்த மண்டபத்தில் நடந்ததைப் பிறகு என் வீட்டுக்காரி சொன்னாள். காது குத்தும் ஆசாரி, நல்ல நேரம் முடியப்போகிறது என்று எழுந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறார். செல்வியின் மாமியார், "தாய்மாமன் வரலைன்னா என்ன, பெரியப்பன் மடி என்ன முள்ளா?" என்று கேட்டு, மூத்த மகனை உட்கார வைத்துவிட்டார். செல்வியோ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னைத் தேடிக் கிளம்பிவிட்டாளாம்.

என் முகம்தான் வெளியே தெரியவில்லையே. அவள் என் காலைத்தான் அடையாளம் கண்டிருக்கிறாள். மண்வெட்டி பட்டு நகம் போன கட்டைவிரல்.

"அண்ணே, இதென்ன கோலம்?"

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு முருகனே வந்து கூப்பிட்ட மாதிரி இருந்தது.

"தங்கச்சி, தொடாதம்மா. சாமி வேண்டுதல்ல இருக்காரு" என்றார் முழங்கைக்காரர்.

"அவரு சாமியில்லைங்க, எங்கண்ணன். கைய விடுங்க."

மாட்டைப் பிடித்து வருவது போல என் வேட்டி முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். மொட்டை போட்டவரிடமே கொண்டுபோய் நிறுத்தினாள். அவர் என்னை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார்.

"இப்பத்தானய்யா தலைய வழிச்சுத் தந்தேன். அதுக்குள்ள எங்க தொலைச்சீக?"

கத்தரியை எடுத்து முதுகுப் பக்கம் அடியிலிருந்து கழுத்து வரை வெட்டினார். வெளிச்சம் வந்தது. இடது கை வந்தது. வலது கைச் சட்டை மட்டும் விடவில்லை. அதை வெட்ட நேரமில்லை. ஒற்றைக் கைச் சட்டையோடு ஓடினோம்.

மண்டபத்துக்குள் நுழையும்போது வள்ளியின் அலறல் கேட்டது. இடது காது முடிந்துவிட்டது. பெரியப்பா மடியில் குழந்தை துடித்துக்கொண்டிருந்தது. ஆசாரி வலது காதைப் பிடித்துவிட்டார்.

"இருங்க" என்றாள் செல்வி. குழந்தையைத் தூக்கி, தரையில் உட்கார்ந்த என் மடியில் வைத்தாள். "ஒரு காது ஆச்சு. இது எங்கண்ணன் மடியில."

"ஒருத்தன் மடியில ஒன்னு, இன்னொருத்தன் மடியில ஒன்னா?" என்றார் மாமியார். "கேட்டா ஊரு சிரிக்காதா?"

"சிரிச்சிட்டுப் போகட்டும் அத்தை."

வள்ளி அழுகையை நிறுத்தி என்னை அண்ணாந்து பார்த்தாள். முடியோடு பார்த்த மாமனை இப்போது மொட்டையாகப் பார்த்ததும் அவளுக்கு ஆச்சரியம். கையை ஓங்கி என் தலையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். அந்த நேரத்தில் ஆசாரி வேலையை முடித்துவிட்டார். அந்தப் பக்கத்துக்கு அவள் அழவேயில்லை. நான்தான் அழுதேன். (தலை எரிச்சல் என்று சொல்லிச் சமாளித்தேன். யாரும் நம்பவில்லை.)

ராத்திரி செந்தில் போன் பண்ணினான்.

"பனியன் எப்படி மச்சான்?"

"குளிருக்கு நல்லாத் தாங்குது. நாத்தமில்லை. கழட்டத்தான் கத்தரி வேணும்னு எழுதிரு."

கொதிநீரில் போடக்கூடாது என்று உள்ளே எழுதியிருந்ததாம். எங்கே என்று கேட்டேன். கழுத்துக்குப் பின்பக்கம் என்றான். பிடரியில் எழுதி வைத்தால் போட்டவன் எப்படிப் படிப்பான், நீங்களே சொல்லுங்கள். என் வீட்டுக்காரிக்கோ இன்றுவரை ஒரு வருத்தமும் கிடையாது. "தொவைக்காத சட்டைய முருகன் மலையேற விடலை, தொவைச்ச சட்டையவும் விடலை. அவருக்கே பிடிக்கலைன்னா நான் என்ன பண்ண?" என்கிறாள்.

வள்ளி இப்போது மூன்றாம் வகுப்பு. கதை முழுவதும் அவளுக்குத் தெரியும், அவளுடைய அப்பத்தாவே சொல்லிக் கொடுத்திருக்கிறார். போன மாதம் போயிருந்தபோது, செல்போனையே நோண்டிக்கொண்டிருக்கிறாளே என்று நாலு புத்தி சொன்னேன். அவள் நிமிரவில்லை. இடது காதை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இது பெரியப்பா காது மாமா. நீங்க சொல்றது இதுல ஏறாது."

அவளுடைய பெரியப்பா பக்கத்தில்தான் இருந்தார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப நான் சொல்றேன், வைடி போன" என்றார்.

வள்ளி நிதானமாகத் திரும்பி உட்கார்ந்து, அவருக்கு வலது காதைக் காட்டினாள்.