நடுமேசைப் புள்ளி

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் உடம்பளவில் சௌக்கியம். நீங்களும் குழந்தைகளும் முழுச் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உங்கள் தங்கையை நிறுவனத் தொடர்பியல் முதுகலையில் சேர்த்துவிட்டது நீங்கள் என்பதால், அதன் பலனையும் நீங்களே கேட்க வேண்டும். எங்கள் அச்சகத்தில் என் அண்ணன் வாசல் பக்கம் ஆர்டர் எடுப்பார், நான் உள்ளே அச்சடிப்பேன். கட்டிங் மெஷினை எங்கே வைப்பது என்ற சண்டையிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வதில்லை. "அவன்கிட்ட சொல்லும்மா" என்பார் அவர், "அவர்கிட்ட சொல்லு" என்பேன் நான், நடுமேசையில் உங்கள் தங்கை. தொழில் அமோகமாக நடந்தது. இப்போது அவள் ஆய்வுக்கென்று ஒரு படம் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறாள்: இரண்டு வட்டம், நடுவே ஒரு புள்ளி, எல்லா அம்புக்குறியும் புள்ளி வழியாக. "யார் இந்தப் புள்ளி?" என்றேன். "நான்தான். புள்ளியை எடுத்துட்டா நிறுவனம் என்னாகுதுன்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போய்விட்டாள்.

என்னாகும்? செருப்புக்கடை திறப்பு விழா நோட்டீஸ் ஆர்டரை அண்ணன் பழக்கதோஷத்தில் அவள் மேசையில் வைத்துவிட்டார். நானாகப் போய் எடுத்தால் இறங்கி வந்ததாகிவிடாதா? கடைக்காரர் வந்து நின்றதும் அண்ணன் காலி நாற்காலியைப் பார்த்து, "நோட்டீஸ் ரெடியான்னு கேளும்மா" என்றார். நானும் அதே நாற்காலியிடம், "எந்த நோட்டீஸ்னு கேளு" என்றேன். கடைக்காரர் குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தார், பிறகு மேசையிலிருந்த ஆர்டரை அவரே எடுத்து என்னிடம் நீட்டினார். அவசரத்தில் கைக்குக் கிடைத்த தாளில் அடித்தேன். அது இரங்கல் அறிவிப்புக்கு வைத்திருந்த கறுப்புக் கரைத் தாள். அண்ணன் பார்த்துக்கொண்டேதான் நின்றார், நாற்காலியிடம் எச்சரித்தும் இருக்கிறார். கடைக்காரர் கும்பிடு போட்டுவிட்டுப் போனவர்தான். இப்படியே போனால் அச்சகத்துக்கே கறுப்புக் கரை போட வேண்டியதுதான். பயமாக இருக்கிறது மச்சான். படித்தது போதும், நடுமேசைக்கு வா என்று நீங்கள்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நன்றாக இருக்காது.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

அன்புள்ள,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: தபாலில் போடுவது அண்ணன் வேலை என்பதால் இக்கடிதத்தை ஒட்டாமல் நடுமேசையில் வைத்திருந்தேன். படித்துவிட்டு நேரே உள்ளே வந்தார். "ஏன்டா, ஊருக்கெல்லாம் எழுதுற, எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லையே அண்ணே."

"மெஷினை எங்க வேணா வச்சுக்கோ, போ." எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீ வாங்கிவந்து இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது உங்கள் தங்கை வந்தாள், தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "போச்சு, என் ஆய்வே போச்சு! நான் எழுதி முடிக்கிற வரைக்கும் தயவுசெஞ்சு ரெண்டு பேரும் பேசாதீங்க."

ஆகவே அவளைப் படிக்க விடுங்கள், மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். அவள் கேட்டதற்கு நாங்கள் இருவரும் ஒரே குரலில் "சரி" என்றோம். அதற்கும் முறைக்கிறாள்.