ஒற்றை ஆளோடு மட்டும் மேடேறும் கார்

திருக்காட்டுப்பள்ளி வழி, காவிரித் தென்கரை
14-2-1974

பினாங்கு நகரில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்துச் சீரோடு வாழும் மைத்துனர் துரைராசு அவர்களுக்கு, அத்தான் குஞ்சிதபாதம் எழுதுவது.

இங்கு உங்கள் அக்கா பிரகதாம்பாள் நலம். நான் இருக்கிறேன். அறுவடை முடிந்தது, ஆற்றில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள், இந்த ஆட்சி மட்டும் முடிகிற வழியாக இல்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்றே நம்புகிறேன். எங்கள் கல்யாணப் பந்தியில் நான் வழுக்கி விழுந்தபோது முதலில் சிரித்தவர் நீங்கள் என்பதை எப்போதோ மன்னித்துவிட்டதால், இதை மனப்பூர்வமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய இரட்டைக் கார்புரேட்டர் போன மாதம் வந்து சேர்ந்தது. கேட்டு எழுதியபோது எதற்கென்று சொல்ல வெட்கமாக இருந்தது. நான் பி.ஏ. தேறியதற்காக, 1951-இல் சீமைக்கே திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார என்ஜினியரிடம் என் அப்பா வாங்கிக் கொடுத்த சிவப்புப் பந்தயக் காரை நீங்கள் அறிவீர்கள். இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது. ஊரிலிருந்து கரைச் சாலைக்கு ஏறும் மேட்டையும் அறிவீர்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் மலை இல்லை, குன்று இல்லை, கோபுரங்களை விட்டால் உயரமென்று இருப்பது இந்தக் கரைமேடு ஒன்றுதான். சீமையில் பந்தயம் ஓடப் பிறந்த வண்டி அதில் என்னை மட்டும் வைத்துக்கொண்டு முனகிக்கொண்டே ஏறும். உங்கள் அக்காவும் இருந்தால் பாதியில் நின்றுவிடும். ஆகவே கல்யாணமான நாள் முதல் அவள் மேட்டடியில் இறங்கி, நடந்து ஏறி, மேலே வந்து மறுபடி உட்கார்ந்துகொள்வாள். மழைநாளில் மட்டும் நம் குத்தகைக்காரர் வீரையன் நாலு பேரோடு வந்து தள்ளுவார். குத்தகைப் பதிவுச் சட்டம் வந்தது, வீரையன் தாலுகா ஆபீசுக்குப் போய்ப் பெயரைப் பதிந்துகொண்டார், அன்றோடு தள்ளுவதும் நின்றது. சட்டத்தை வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். கார் தள்ளக் கூடாதென்று அதில் எங்கும் இல்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நில உச்சவரம்புச் சட்டத்தில் என் நிலத்தை அளந்து எடுத்தபோது, தன் நிலத்தைப் பிறக்காத பிள்ளை பேரில்கூட எழுதித் தப்பித்த என் சித்தப்பா மகன் இராஜாங்கம், மார்கழியில் ஒருநாள் புது டிராக்டரில் மேடேறி வந்தான். நடந்து ஏறிக்கொண்டிருந்த உங்கள் அக்காவின் பக்கத்தில் நிறுத்தி, பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும், மேலே காரில் காத்திருந்த நானும் கேட்க, "என்ன அண்ணி, அண்ணன் வழியிலயே இறக்கி விட்டுட்டாரா? நம்ம டிரெய்லர்ல ஏறிக்கங்க, நெல்லு மூட்டையோட மூட்டையா போயிரலாம்" என்றான். உங்கள் அக்கா கண் கலங்கி, "இனிமே இந்த வண்டியில ஏற மாட்டேங்க. எனக்கு பஸ்ஸு இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அதுவரை இந்த உலகத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரே ஆள் அவள்தான், மாப்பிள்ளை. மறுநாளே உங்களுக்கு எழுதினேன்.

உங்கள் பார்சலை ஆயில் என்ஜின் மெக்கானிக் பக்கீர் முகம்மதுவிடம் கொண்டுபோனேன். கூடவே வந்த இங்கிலீஷ் புத்தகத்தை நான் படித்து அர்த்தம் சொல்ல, அவர் செய்வதாக ஏற்பாடு. "என்ஜின் நன்றாக மூச்சு விட வேண்டும்" என்றேன். சைலன்சரைக் கழற்றி வெறும் குழாயை மாட்டினார். "அமுக்கம் கூட வேண்டும்" என்றேன். என்ஜின் தலையைத் தஞ்சாவூர் லேத்துக்கு எடுத்துப்போய்ச் சீவிக்கொண்டு வந்தார். "வண்டியின் எடையைக் குறைக்க வேண்டும்" என்றேன். பம்பர், ஸ்டெப்னி, முன்கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு என் வயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னும் கொறைக்கலாம் சார். ஆனா அது என் பட்டறையில முடியாது" என்றார்.

வெள்ளோட்டத்துக்கு உங்கள் அக்காவைக் கூப்பிட முடியாது. "அம்மா எடைக்கு எதையாச்சும் வைங்க சார். எவ்வளவு இருப்பாங்க?" என்று பக்கீர் கேட்டார். படித்த மனுஷன் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் "ஒரு மூட்டை இருப்பாள்" என்று ஒரு நெல் மூட்டையை எடுத்துப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, சரியாமல் இருக்க இடுப்பில் கயிறும் கட்டினேன். அன்றைக்கென்று கூலி உயர்வு கேட்டு விவசாயத் தொழிலாளர் ஊர்வலம் மேட்டில் இறங்கி வந்தது. என் குழாய் போட்ட இரைச்சலில் அவர்கள் கோஷம் அவர்களுக்கே கேட்கவில்லை. அவர்கள் ஆத்திரமாக நிற்க, வண்டி நட்டநடு மேட்டில் அவர்களுக்கு நேர் எதிரே நின்றுபோயிற்று.

முன்னால் கொடி பிடித்து வந்த அம்சம், நம் களத்தில் நெல் தூற்றுகிற பெண்தான், குனிந்து பார்த்தார். நெல் ஜில்லா தாண்டத் தடை இருக்கும் காலம் வேறு. "கூலியைக் கூட்ட நெல்லு இல்லேன்னீங்களே, பந்தயக் கார்ல வச்சு எந்த ஜில்லாவுக்குங்க கடத்துறீங்க?"

"இது நெல் இல்லை அம்சம், என் மனைவி" என்று சொல்லிவிட்டேன். பதற்றத்தில் வந்த வார்த்தை. உண்மையும்கூட.

ஊர்வலம் மேட்டிலேயே உட்கார்ந்து சிரித்தது. கோபத்தோடு வந்த இருநூறு பேர் சிரிப்பதைப் பார்த்தபோது, பத்து வருஷமாக எந்த அரசியல் கட்சியும் செய்யாததை நான் செய்துவிட்டேனோ என்று தோன்றியது. கூட்டத்தில் வீரையனும் இருந்தார். "கொஞ்சம் தள்ளக் கூடாதா வீரையா?" என்றேன். "கையில கொடி இருக்குங்களே" என்றார். மூட்டையை இறக்கி வைத்தபிறகு வண்டி என்னை மட்டும் வைத்துக்கொண்டு ஏறிற்று. அதாவது உங்கள் பார்சல், லேத்து, புத்தகம் எல்லாம் சேர்ந்து எங்களை இருந்த இடத்திலேயே வைத்திருந்தன. இதற்குள் அம்சம் நேரே வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. நான் திரும்பியபோது உங்கள் அக்கா கேட்டது ஒரே கேள்விதான். "ஒரு மூட்டையா நானு?" அதன்பிறகு மூன்று நாள் பேச்சு இல்லை. சாப்பாடு மட்டும் வந்தது, அதுவும் உப்பில்லாமல்.

நாலாம் நாள் பக்கீர் புத்தகத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். "நீங்க கொஞ்சம் படிக்காம இருங்க சார், நான் பார்க்கிறேன்" என்றார். இன்னும் எடை குறைக்கலாமென்று, காலடியில் கிடந்த தென்னங்கயிற்றுப் பாயைப் பிடித்து இழுத்தார். நான் தடுத்தேன். அப்பா வண்டியைக் கொடுத்த அன்று, காலுக்கு மெத்தென்று இருக்கட்டுமென்று தன் கையாலேயே விரித்த பாய் அது. இருபத்து மூன்று வருஷமாக நான் அதைக் கழற்றியதில்லை. பக்கீர் கேட்கவில்லை, பெயர்த்துவிட்டார். ஆக்சிலேட்டருக்கு நேர் கீழே ஒரு தேக்குக் கட்டை, தரைப் பலகையில் இரண்டு ஆணி வைத்து இறுக அடித்தபடி இருந்தது. நான் எவ்வளவு மிதித்தாலும் மிதி பாதியில் அந்தக் கட்டையில் போய் முட்டும். வண்டியின் பலத்தில் பாதியைத்தான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன், மாப்பிள்ளை.

சில்லறைத் தச்சு வேலைக்கு அப்பா கூப்பிடுகிற ஆள் வீரையன்தான் என்பதால் அவரிடம் போனேன். வரப்பில் நின்றபடியே ஒப்புக்கொண்டார்.

"ஆமாங்க, நான்தான் அடிச்சேன். பெரியவங்க சொன்னாங்க. ஒத்தப் புள்ள, வேகமா போயி ஆத்துல வுழுந்துருவான், அவன்கிட்ட சொல்லாதேன்னாங்க."

"பெரியவர் போய்ப் பதினாலு வருஷம் ஆச்சே வீரையா!"

"எடுன்னு யாரும் சொல்லலீங்களே."

"மழையில வந்து தள்ளும்போதுகூடவா சொல்லத் தோணலே?"

"தள்ளும்போது நெனச்சுக்குவேங்க" என்றார். அப்புறம் சிரிப்பை அடக்க முடியாமல் மடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அரசாங்கம் என் நிலத்தில் பாதியை எடுத்தது, அப்பா காரில் பாதியை எடுத்தார் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். எழுத வரவில்லை. அந்தக் கட்டையை எறியவும் மனம் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் அக்காவிடம் காட்டினேன். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமா அடிக்கச் சொன்னதா?" என்றாள். உள்ளே போனாள். புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

முன்கண்ணாடியும் சைலன்சரும் மறுபடி மாட்டியாகிவிட்டன. அவள் ஒரு கையால் முந்தானையையும் மறு கையால் என் முழங்கையையும் பிடித்துக்கொள்ள, நான் முழுக்க மிதித்தேன். மேட்டை வண்டி எப்போது ஏறியதென்றே தெரியவில்லை. மேலே போன பிறகுதான் அவள் கண்ணைத் திறந்து, "ஏறிருச்சுங்க!" என்றாள். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். நேற்றும் போனோம், முந்தாநாளும் போனோம். முழு மிதியில் பழைய ஆக்சிலேட்டர் கம்பி நைந்துவிட்டது. ஆகவே புதுக் கம்பி ஒன்றும், பெரிய ரேடியேட்டர் ஒன்றும், இன்னும் வேகம் கூட்ட உங்களுக்குத் தோன்றுவது எதுவானாலும் உடனே அனுப்பி வையுங்கள்.

உங்கள் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்கள் நன்றாகப் படிக்கட்டும், ஆனால் என் அளவுக்கு வேண்டாம். நீங்கள் நீடூழி இருந்து நிறைய உதிரிபாகம் விற்க வேண்டும்.

என்றும் மறவாத,
குஞ்சிதபாதம், பி.ஏ.

பி.கு: மேலே கேட்டது எதையும் அனுப்ப வேண்டாம். இதைத் தபாலில் சேர்க்க இருவரும் காரில் கிளம்பினோம். மேட்டடியில் "நிறுத்துங்க" என்று சொல்லி உங்கள் அக்கா இறங்கிவிட்டாள். "வண்டிதான் ஏறுதே" என்றேன். "வண்டி ஏறுதுங்க. நீங்களும் பேசிக்கிட்டே ஏறுறீங்க. கிளம்பும்போது இராஜாங்கம், கடைத்தெருவுல உச்சவரம்பு, திரும்பும்போது வீரையன். இந்த மேட்டுலதான் எனக்குக் கொஞ்சம் லீவு கிடைச்சுது. இத்தனை வருஷமா இங்கேதான் ஆத்தைப் பார்த்திருக்கேன்" என்றாள். "அப்படின்னா அன்னிக்கு ஏன் அழுதே?" என்று கேட்டேன். "நடந்ததுக்கா அழுதேன்? அவ்வளவு பேருக்கு நடுவுல அவன் அப்படிச் சொன்னதும் உங்க மூஞ்சி விழுந்துச்சே, அதுக்கு." நான் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி அவளோடு நடந்து ஏறினேன். இதை மேலே மதகுச் சுவரில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் பக்கத்தில் இருக்கிறாள். ஆற்றில் வெறும் மணல்தான், இருந்தாலும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கீழே வழியை அடைத்து நிற்கும் காருக்குப் பின்னால் யாரோ விடாமல் ஹாரன் அடிக்கிறார்கள். யாரென்று நான் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.