பெரட்டில் வாசித்த மாப்பிள்ளை விபரம்

கணினி படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒழுங்காக ஓடும் மெஷினை இன்னும் வேகமாக ஓட்டிக் காட்டாவிட்டால் தூக்கம் வராது. எனக்கு அது றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆபீசில், வேலை நிரந்தரமாக ஒரு வாரம் இருக்கையில் முற்றியது.

ஆபீஸ் கணினி ஆமை. ஒரு கோப்பைச் சேமித்தால் உள்ளடக்கத்தை எழுதி முடித்துவிட்டுத்தான் பெயரையும் இடத்தையும் பதியும். நான் அந்த ஒழுங்கைத் தளர்த்தினேன்: பெயரையும் இடத்தையும் உடனே பதி, உள்ளடக்கத்தைப் பிறகு ஆறுதலாக எழுது. (தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பழைய குடும்பம் காலி செய்யும் முன்பே கதவில் புதுக் குடும்பத்தின் பெயரை எழுதுகிற வேலை. அது அப்போது உறைக்கவில்லை.) மெஷின் பறந்தது. கரண்டு போனால் என்னாகும் என்று என் மேலதிகாரியான பெரிய கிளாக்கர் கேட்டார். ஒரு நிமிடத்தில் எழும்பிவிடும் என்று மார்தட்டினேன்.

அன்று மத்தியானம் எனக்குப் பெண் தேட என் விபரங்களை ஆபீசிலேயே தட்டி, அச்செடுத்து, அழித்தேன். அழித்தால் பெயர்தான் போகும், எழுத்து உள்ளே கிடக்கும் என்பது பரீட்சையோடு மறந்துவிட்டது. பிறகு, மறுநாள் யார் எந்த மலையில் கொழுந்தெடுப்பது என்ற பட்டியலைச் சேமித்தேன். அந்த நொடியே இடி, மின்சாரம் போனது.

காலையில் மெஷின் சொன்னபடி எழும்பியது. பட்டியலும் அதே பெயரில் இருந்தது. திறந்துகூடப் பார்க்காமல் அச்செடுத்து, தொழிலாளரை மேய்க்கும் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தேன்.

தொழிலாளர் கூடும் பெரட்டில், வேலை பிரிக்கும் முன் சுற்றறிக்கை வாசிப்பது வழக்கம். இதுவும் அப்படி ஒன்றென்று நினைத்து, இருநூறு பேர் முன்னால் அவர் உரக்க வாசிக்க ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளைக்கு வயது இருபத்தொன்பது. கெட்ட பழக்கம் இல்லை." (நான் போடும் வெற்றிலையைக் கணக்கில் சேர்க்கவில்லை.) "தோட்ட ஆபீசே இவர் கையில். பெரிய கிளாக்கர் கையெழுத்துப் போட மட்டும் வருவார்."

பெரிய கிளாக்கர் என் பக்கத்திலேயே நின்றார். அப்போதுதான் விளங்கியது: அழித்த விபரம் கிடந்த இடத்தில் பட்டியலின் பெயர் மட்டும் பதிந்து, பட்டியல் எழுதப்படுமுன் கரண்டு போயிருக்கிறது. வரிசைகள் சிரித்து ஓய்ந்து, வேலையை வாயால் பிரித்து மலையேற முக்கால் மணி நேரமானது.

பெரிய கிளாக்கர் கத்தவில்லை. "மெதுவாவே எழுதட்டும் தம்பி. ஒங்க வீட்டுச் சங்கதிய பெரட்டுக்குக் கொண்டாராம இருந்தா போதும்" என்றார். நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. பழைய ஒழுங்கை நானே திரும்ப வைத்தேன், வெட்கத்தோடு.

நிவித்திகலையில் பெண் வீட்டுக்கு அனுப்பிய விபரத்துக்குப் பதிலே இல்லை. என்னைக் கட்டிக்கொண்டது அன்று மூன்றாம் வரிசையில் நின்று சிரித்த பாக்கியம்தான். இன்றும் நான் சந்தைக்குப் போய்விட்டு வந்தேன் என்றால் அவள் நம்புவதில்லை.

"பேரு மட்டும் பதிஞ்சிருக்கா, சாமானும் வந்துருச்சாங்க?" என்று கேட்டு, பையைத் திறந்து பார்த்த பிறகே உள்ளே விடுகிறாள்.