பேராசிரியரின் சொந்தக் கடிதம்

இரண்டாவது பீரியட் முடிந்து வந்து கணினியைத் திறந்த பேராசிரியர் கணேசமூர்த்திக்கு, அவர் அனுப்பிய பரிந்துரைக் கடிதம் அவருக்கே திரும்பி வந்திருந்தது. கூடவே இரண்டு வரி.

‘இந்தக் கடிதம் தாங்கள் எழுதியதல்ல. அன்புகூர்ந்து மாணவியைப் பற்றித் தாங்களே எழுதி அனுப்பவும். இப்படிக்கு, சேர்க்கைக் குழு.’

முப்பது வருஷமாகப் பொருளாதாரம் நடத்துகிற மனிதரைப் பார்த்து இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. சொல்கிற அளவுக்கு அவர் எழுதியதை யாரும் படித்ததுமில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அதே இரண்டு வரிதான் இருந்தது.

“சார், உள்ளே வரலாமா?”

வாசலில் மலர் நின்றிருந்தாள். பி.ஏ. கடைசி வருஷம். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிற பெண். பெங்களூரில் பெயர்பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ.வுக்கு விண்ணப்பித்திருந்தாள். கட்டுரை கொடுத்தாயிற்று, நேர்காணலும் முடிந்தாயிற்று. கணேசமூர்த்தியின் கடிதம் ஒன்றுதான் பாக்கி.

“லெட்டர் பெண்டிங்னே காட்டுது சார்.”

“திரும்பி வந்திருக்கும்மா. நான் எழுதலையாம்.”

மலர் திரையைப் பார்த்தாள். முகம் மாறியது. இந்த வருஷம் அந்தப் பல்கலைக்கழகத்தில் புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். கட்டுரையோ கடிதமோ, ஏஐ எழுதியது என்று தெரிந்தால் விண்ணப்பம் ரத்து. காசு உள்ளவன், இல்லாதவன், இங்கிலீஷ் மீடியம், கவர்மெண்ட் ஸ்கூல் என்று எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

“சார், ஏஐல போட்டீங்களா?”

“நானா? அதை எங்க திறக்கணும்னே எனக்குத் தெரியாது.”

“நான் என் கட்டுரையை ட்ரெயின்ல உக்காந்து கையால எழுதினேன் சார். என் ஃப்ரெண்டுங்க எல்லாம் ஏஐ கிட்ட கேட்டு டீ குடிக்கற நேரத்துல முடிச்சிட்டாங்க. நான் வேணாம்னு இருந்தேன். இப்ப உங்க லெட்டரால என் அப்ளிகேஷன் போச்சுன்னா இன்னா சார் பண்றது?”

“போகாது. நான் பாத்துக்கறேன்.”

“வேணும்னா நானே எழுதிக் குடுக்கட்டுமா சார்? நெறைய காலேஜ்ல அப்படித்தானாம்.”

“சேச்சே. ரெக்கமண்டேஷன் லெட்டர்னா வாத்தியார்தான் எழுதணும். இந்த விஷயத்துல நான் ரொம்பக் கறார்.”

மலர் போனதும் கணேசமூர்த்தி தன் கடிதத்தை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். பல வருஷமாக அவர் கணினியில் இருக்கிற கடிதம் அது. பெயரை மாற்ற வேண்டியது, அனுப்ப வேண்டியது. அந்த ஒரு கடிதத்தால் டெல்லி போனவர்கள் உண்டு, ஹைதராபாத் போனவர்கள் உண்டு. கிரிக்கெட் ஆடுவதற்கு மட்டுமே கல்லூரிக்கு வந்த ஒருவன் கனடா வரைக்கும் போய்விட்டான். ‘இந்த மாணவருக்காகவே ஆசிரியர் தன் பாடத்தை இரண்டு முறை தயாரித்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைய வேண்டியிருக்கும்’ என்ற வரி வந்தபோது வழக்கம்போல அவருக்குப் பெருமையாக இருந்தது. என்ன இங்கிலீஷ், என்ன நடை. பாடத்தை அவர் ஒரு முறை கூடத் தயாரித்துக்கொண்டு போனதில்லை என்பது வேறு விஷயம்.

விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. இவ்வளவு நல்ல இங்கிலீஷை மனிதன் எழுத முடியாது என்று அங்கே இருக்கிற மெஷின் நினைக்கிறது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நல்ல வார்த்தையை எல்லாம் எடுத்துவிட்டுச் சுமாரான வார்த்தையைப் போட்டார். மூன்றாவது பத்தியை முதலாவதாக்கினார். அனுப்பினார். பிற்பகலில் பதில் வந்தது.

‘வார்த்தைகள் மாறியிருக்கின்றன. கடிதம் மாறவில்லை.’

தொம்மலூர் வீட்டுக்குப் போனதும் மனைவி யசோதாவிடம் சொல்லிப் புலம்பினார். யசோதா டிவி சத்தத்தைக் குறைக்காமலே கேட்டாள்.

“அதுல தப்பு ஏதாவது இருக்கா?”

“ஒரு தப்பு கிடையாது.”

“அதான் சந்தேகப்படறாங்க. மனுஷன்னா தப்பு பண்ணுவான். நாலு தப்பு போட்டு அனுப்புங்க.”

“தப்பு பண்ணி எனக்குப் பழக்கமில்லையே.”

யசோதா டிவியிலிருந்து கண்ணை எடுத்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

வாழ்நாள் முழுக்கச் சிவப்பு மையில் பிழை திருத்தியவருக்குத் தெரிந்தே பிழை விடுவது லேசான காரியமாக இல்லை. ஒரு எழுத்தை அழிப்பார், மனசு கேட்காமல் மறுபடி போடுவார். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏழெட்டுப் பிழை விட்டு அனுப்பினார். காலையில் கல்லூரிக்குப் போனதும் பதில் காத்திருந்தது.

‘இப்போது பிழைகளும் சேர்ந்திருக்கின்றன. கடிதம் அதேதான்.’

“என்னமா கண்டுபிடிக்குது பாருங்க,” என்றார் கணேசமூர்த்தி. பக்கத்து மேஜையில் வணிகவியல் பத்ரிநாத் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எந்தப் புது ஆப் வந்தாலும் முதலில் இறக்கி வைத்துக்கொள்கிறவர்.

“முள்ளை முள்ளாலதான் எடுக்கணும் சார். ‘மனுஷன் எழுதின மாதிரி எழுதிக் குடு’ன்னு ஏஐ கிட்டயே கேட்டுடலாம்.”

“அது தப்பில்லையா?”

“நீங்க ஏஐ யூஸ் பண்ணலைன்னு நிரூபிக்கத்தானே யூஸ் பண்றோம்? அதுல என்ன தப்பு.”

இந்த நியாயம் கணேசமூர்த்திக்கு நியாயமாகவே பட்டது. பத்ரிநாத் தன் போனில் கேட்டார். கண் மூடித் திறப்பதற்குள் கடிதம் வந்து விழுந்தது. அதில் வெளியே மழை பெய்தது. ஜன்னலோரம் மலர் அமர்ந்திருந்தாள். அவள் கண்களில் ஆயிரம் கேள்விகள் இருந்தன. ஆறிப்போன காபியை மறந்து பேராசிரியர் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். படித்ததும் கணேசமூர்த்தி அதை அப்படியே அனுப்பினார். அந்த வகுப்பறையில் ஜன்னல் கிடையாது என்பது கூட அவருக்கு அப்போது தோன்றவில்லை.

இந்தத் தடவை பதில் நீளமாக வந்தது.

‘இது ஏஐ எழுதியது. முந்தையவை ஏஐ எழுதியவை அல்ல. ஆனால் அவற்றையும் தாங்கள் எழுதவில்லை. மாணவிக்கு அநியாயம் நடந்துவிடக் கூடாது என்பதற்காகக் கடைசியாக ஒரு வாய்ப்பு. வெள்ளிக்கிழமை மாலைக்குள் வராவிட்டால் விண்ணப்பம் ரத்தாகும்.’

“ஏஐயும் எழுதலை, நானும் எழுதலைன்னா பிசாசா எழுதிச்சு? மெஷினுக்கே குழப்பம் வந்துடுச்சு பாருங்க.”

“லேட்டஸ்ட் வெர்ஷன் போல சார்,” என்று பத்ரிநாத் கை கழுவப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை மலர் வந்தாள். அழுதிருந்தால் கணேசமூர்த்தி எப்படியாவது சமாளித்திருப்பார். அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள்.

“சார், லெட்டர்ல ஏஐ இருக்குன்னு எனக்கும் மெயில் வந்திச்சு. எங்க வீட்ல யாரும் எம்.ஏ. படிச்சதில்ல. நான் படிக்கப் போறேன்னு எங்கப்பா ட்ரெயின்ல வர ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காரு. அழகா எல்லாம் வேணாம் சார். என்னைப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியுமோ அதை எழுதுங்க, போதும்.”

கணேசமூர்த்தி வெள்ளைத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். ‘மலர்’ என்று எழுதினார். ‘என் மாணவி’ என்று எழுதினார். தெரிந்தது அத்தோடு தீர்ந்துபோனது.

“நீ எந்த பெஞ்சும்மா?”

“பெஞ்சு இல்ல சார். உங்களுது ஃபர்ஸ்ட் பீரியட். எங்க ட்ரெயின் லேட்டாயிடும். வெளியவே நில்லுன்னு சொல்லிடுவீங்க.”

அவருக்கு மெல்ல நினைவு வந்தது. வாசலுக்கு வெளியே ஒரு துப்பட்டாவும் ஒரு நோட்டும் தெரியும். முகத்தை அவர் பார்த்ததில்லை.

“வெளிய நின்னு எழுதிட்டிருப்பியே, அது நீதானா?”

“நான்தான் சார். உங்க குரல் காரிடார் முழுக்க கேக்கும். அது ஒண்ணும் கஷ்டமில்ல.”

“ப்ராஜெக்ட் எதைப் பத்தி பண்ணினே?”

“ட்ரெயின்ல வேலைக்கு வர பொம்பளைங்களைப் பத்தி சார். நீங்க பி ப்ளஸ் போட்டீங்க.”

“நல்லா இருந்துதா?”

“அதை நீங்கதானே சார் சொல்லணும்?”

அட்டெண்டர் நாகேஷைக் கூப்பிட்டு பீரோவிலிருந்து ப்ராஜெக்ட் கட்டை எடுத்துவரச் சொன்னார். நாகேஷ் கொண்டுவந்து மேஜையில் வைத்துத் தூசி தட்டினான்.

“சார், இது நான் கட்டின கயிறு. நான் போட்ட முடிச்சு அப்படியே இருக்குது. நீங்க பிரிக்கவே இல்லையா?”

“நீ போய் வேலையைப் பாருப்பா.”

மேலோட்டமாகப் புரட்டலாம் என்றுதான் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாப்பாட்டு மணி அடித்ததும் தெரியவில்லை. கூலி எங்கே அதிகமோ அங்கேதான் தொழிலாளி போவான் என்று அவர் வருஷா வருஷம் நடத்துகிறார். மலர் அந்த ரயிலில் பெட்டி பெட்டியாக ஏறிப் பெண்களிடம் கேட்டிருந்தாள். அதிகச் சம்பளத்தை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிற குறைந்த சம்பளத்துக்குத்தான் பெரும்பாலானவர்கள் போகிறார்கள். சாயந்திர ரயிலை விட்டால் பிள்ளைக்குச் சோறு கிடையாது. இதையெல்லாம் எழுதிவிட்டு, கீழே பொடி எழுத்தில், ‘வகுப்பில் சொல்லப்பட்டதற்கு மாறாக’ என்று மரியாதையாக ஒரு குறிப்பும் போட்டிருந்தாள்.

கணேசமூர்த்திக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. வாத்தியாராக இருப்பதில் இப்படி ஒரு சந்தோஷம் இருப்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

மதிப்பெண் பட்டியலையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, அகராதி இல்லாமல், அழகு பார்க்காமல், கையாலேயே எழுதினார்.

‘மலர் என் வகுப்புக்குத் தினமும் தாமதமாக வந்தாள். நான் வெளியே நிற்க வைத்தேன். நின்றபடியே படித்து என் பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கினாள். அது அவள்தான் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அவள் ஆய்வுக்குப் படிக்காமலே மதிப்பெண் போட்டேன். இன்று படித்தேன். நான் நடத்துகிற ஒரு பாடம் அந்த ரயிலுக்குப் பொருந்தாது என்று அதில் இருக்கிறது. பொருந்தாதுதான். அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் வகுப்புக்கு மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.’

“ஏங்க, இது அந்தப் பொண்ணுக்கு சர்டிஃபிகேட்டா, உங்க மேல கம்ப்ளெயிண்டா?” என்று, அவர் போனில் படித்துக் காட்டியதும் கேட்டாள் யசோதா.

“ரெண்டும்தான்னு வெச்சுக்கோ.”

நாகேஷ் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு, “ஆய்த்து சார், போயிடுச்சு,” என்றான். அன்று பதில் வரவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கணேசமூர்த்தி மின்னஞ்சலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ‘குட்டி போட்ட பூனை’ என்று யசோதா சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை அவர் அறையில் மலர் வந்து நின்றிருந்தபோது போன் அடித்தது. சேர்க்கைக் குழுவிலிருந்து ஒரு பெண் குரல். அவர் இங்கிலீஷில் ஆரம்பிக்கவும், “தமிழ்லயே பேசலாம் சார்,” என்றது குரல். “மலருக்கு சீட் உறுதி. கட்டுரை, நேர்காணல் ரெண்டுலயும் அவங்கதான் முதல். உங்க லெட்டருக்காகத்தான் காத்துட்டிருந்தோம்.”

‘சீட் உறுதியாம்’ என்று அவர் சொன்னதும் மலர் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவுக்குப் போன் போடத் தொடங்கினாள்.

“நீங்க அனுப்பினது ரொம்ப நல்ல லெட்டர் சார். இந்த வருஷம் வந்ததுலயே அதுதான் பெஸ்ட்னு கமிட்டியில சொன்னாங்க.”

தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயமல்ல இது என்று கணேசமூர்த்திக்குத் தோன்றியது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தார். பத்ரிநாத் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். கதவோரம் நாகேஷும் நின்றான்.

“எல்லாம் சரிம்மா. அந்த மெஷின் இருக்கு பாருங்க, அது ரொம்பக் கெட்டிக்கார மெஷின். எந்தக் கம்பெனி? எங்க காலேஜுக்கும் ஒண்ணு வாங்கிப் போடலாம்னு பாக்கறேன்.”

“மெஷினா? எங்ககிட்ட ஏது சார் மெஷின்? வர்ற லெட்டர் எல்லாத்தையும் நான்தான் உக்காந்து படிக்கிறேன்.”

“அப்போ அந்த முதல் லெட்டரை நான் எழுதலைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“அதை எழுதினது நான் சார், உங்க பழைய ஸ்டூடண்ட் ஷோபா, ‘நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்து போட்டுத் தரேன்’னு சொன்னீங்களே.”