ஹாங்காங்கில் நான் நனைத்த மாடி வீடு

பயந்தவர்களால் உலகத்துக்குக் கெடுதல் இல்லை என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். நான் பயந்ததால் ஒரு முறை ஒரு கட்டடத்தையே காப்பாற்றியிருக்கிறேன். அந்தக் கட்டடத்துக்கு அன்றைக்கு ஒரு ஆபத்தும் இல்லை என்பதுதான் சிக்கல்.

என் கணவர் செல்வம், சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு மேலட்டை அச்சடிக்கும் கம்பெனியில் மேனேஜர். ஹாங்காங்கில் நடந்த அச்சு இயந்திரக் கண்காட்சிக்குக் கம்பெனி அவரை அனுப்பியது. "எப்படியும் ரூமு போட்டாகணும். நீயும் பாப்பாவும் வந்தா அதே ரூமுதான்" என்றார். அந்தக் கணக்கில் எனக்குத் தப்பு தெரியவில்லை. ரூமைப் பார்த்த பிறகு தெரிந்தது.

குடியிருப்புக் கட்டடம் ஒன்றில் ஒன்பதாவது மாடி. கட்டிலில் ஏறி நின்றால்தான் கதவைச் சாத்த முடியும். குளிக்கிற குழாய் கக்கூஸுக்கு நேர் மேலே. பெட்டியைத் திறக்க வேண்டுமானால் ஒருவர் வராந்தாவுக்குப் போய்விட வேண்டும். (முறை வைத்துப் போனோம்.) கண்காட்சிக் கூட்டத்தால் ஊரில் வேறு எங்கேயும் எங்களுக்குக் கட்டுப்படியாகிற இடம் இல்லை. அதனால் அந்த விடுதி ஓனரம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் ஹெட்மாஸ்டரைக் கண்ட மாதிரி சிரித்து வைப்பேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம். செல்வம் ரொட்டி வாங்கக் கீழே போயிருந்தார். நான் பாப்பாவின் துணிகளைப் பக்கெட்டில் சோப்புப் போட்டு ஊற வைத்திருந்தேன். கதவிடுக்கு வழியாகப் புகை வந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் புகை வாசம் வந்தால் என்ன ஏதென்று யாரும் யோசிப்பதில்லை. யோசித்துக்கொண்டு நின்றவர்கள் பிறகு வந்து கதை சொன்னதில்லை. நான் பாப்பாவை இடுப்பில் இடுக்கினேன். மறு கையில் பக்கெட். "தீ! தீ! எல்லாரும் ஓடுங்க!" என்று சுத்தத் தமிழில் அலறிக்கொண்டே வெளியே பாய்ந்து, மாடிப்படி முக்கில் எரிந்துகொண்டிருந்ததன் மேல் மொத்தத்தையும் கவிழ்த்தேன்.

அப்புறம்தான் பார்த்தேன்.

பனியன் போட்ட எதிர்வீட்டுக்காரர் ஒருவர், அறுபது வயதிருக்கும், ஒரு தகர டப்பாவின் முன்னால் குத்தவைத்திருந்தார். பக்கத்தில் ஊதுபத்தி, ஆரஞ்சுப் பழம். டப்பாவுக்குள் பாதி எரிந்த காகித வீடு ஒன்று. இரண்டு மாடி, பால்கனி, வாசலில் கார். பால்கனியில் பாப்பாவின் ஜட்டி காய்ந்துகொண்டிருந்தது. (நனைந்துகொண்டிருந்தது என்பதே சரி.)

எல்லாக் கதவும் திறந்தன. ஓனரம்மா வந்து ஆங்கிலத்தில் விளக்கினார். "செத்துப்போன அவங்க அம்மாவுக்கு வீடு அனுப்புறார். எரிச்சாத்தான் போய்ச் சேரும். இன்னைக்குத்தான் நாள்."

அந்த ஊரில் உயிரோடு இருப்பவர்களுக்கே வீடு கிடைப்பதில்லை. செத்த பிறகாவது அந்த அம்மாவுக்குக் கிடைக்கவிருந்த வீட்டை நான் சோப்புத் தண்ணீரில் இடித்துவிட்டேன்.

"ரூமைக் காலி பண்ணுங்க. இப்பவே" என்றார் ஓனரம்மா.

மன்னிப்பு மட்டும் கேட்டிருக்கலாம். நான் படித்தவள் அல்லவா, காரணமும் சொன்னேன். "நாங்க பட்டாசு செய்யிற ஊர்க்காரங்க. அதான்…" ஓனரம்மா இரண்டடி பின்னால் போனார். "பட்டாசா? உங்க பெட்டியில என்ன இருக்கு? திறங்க!"

திறந்தேன். மேலாகவே இருந்தது, செல்வம் கண்காட்சியில் காட்டக் கொண்டுவந்த சாம்பிள் அட்டைக் கட்டு. ஒவ்வொரு அட்டையிலும் சீறிப் பாயும் ராக்கெட், சிதறும் வெடி. வராந்தாவில் ஒருவர் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

அந்த நேரம் பார்த்து ரொட்டியோடு செல்வம் வந்தார். "ஏ கவிதா, என்ன காரியம் பண்ணிருக்க? கால் மணி நேரம்தானே போனேன்!"

"தீன்னு நெனைச்சுட்டேங்க."

"தீதான். அவுக வச்ச தீ."

இதற்குள் பனியன்காரர் ஓர் அட்டையை எடுத்து, விரல் நுனியால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல அட்டை என்பது போலத் தலையசைத்தார். வேறு எதைக் கவனிக்காவிட்டாலும் யாராவது அட்டையை மெச்சினால் செல்வம் கவனித்துவிடுவார். "சார், ஹவுஸ்! வீ மேக்! டுடே!" என்றார்.

முழுப்பரீட்சை லீவில் வீட்டில் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டி ஒட்டிய கை என்னுடையது. பெட்டி வேறு, வீடு வேறா? படிக்கட்டிலேயே உட்கார்ந்தோம். செல்வம் மடித்தார், நான் ஒட்டினேன். பசை இல்லை, சைகை காட்டி எதிர்வீட்டிலிருந்து சோறு வாங்கினேன். பருக்கையை நசுக்கி ஒட்டுவதை ஓனரம்மா குனிந்து குனிந்து பார்த்தார். ஒட்டவில்லையோ, சரிந்துவிடுமோ, செத்துப்போன அம்மாவுக்கு ராக்கெட் படம் ஆகுமோ என்று நான் முணுமுணுக்க, "வாயை மூடிட்டு ஜன்னலை வெட்டு" என்றார் செல்வம்.

இருட்டுவதற்குள் இரண்டு மாடி எழும்பிவிட்டது. நாலு சுவரிலும் ராக்கெட். பனியன்காரர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மேல் மாடியைத் தட்டிப் பார்த்தார். பிறகு தீ வைத்தார். ஓனரம்மா என் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆறுதலுக்குத்தான் என்று முதலில் நினைத்தேன்.

அட்டை நன்றாக எரிந்தது. பனியன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு ஓர் ஆரஞ்சு கொடுத்தார். ரூம் தப்பியது. பக்கெட் மட்டும் ஊருக்குக் கிளம்பும்வரை ஓனரம்மாவின் மேசைக்கடியில் இருந்தது. துணி துவைக்க வேண்டுமானால் கேட்டு வாங்கி, அவர் பார்க்கவே திருப்பி வைக்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் செல்வம் இதை வீடு வீடாகச் சொன்னார். அதிலிருந்து எங்கள் வீட்டில் அமாவாசை வந்தால் என் மாமியார் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏலே செல்வம், சூடம் ஏத்தப் போறேன். உன் பொண்டாட்டி கையில செம்பு கிம்பு இருக்கான்னு பாரு" என்று குரல் கொடுக்காமல் ஏற்றுவதில்லை. விருந்தாளிகள் இருந்தால் கதை அதோடு நிற்காது.

"யாரைப் பெத்த அம்மாவோ, அவளுக்கு ஒரே பொழுதுல ரெண்டு மாடி கட்டிக் குடுத்துட்டா. நான் மாடியில ஒரே ஒரு ரூமு எடுத்துக் கட்டுங்கன்னு மூணு வருசமாக் கேக்கேன்" என்பார். பிறகு என்னைப் பார்த்து, "அதுக்கு நான் செத்துல்ல காட்டணும் போல!"