கொறியின் அம்மாவைப் பற்றி ஒரு விண்ணப்பம்

அட்டுவம்பட்டி,
கொடைக்கானல்.

‘பட்டாணி’ சிறுவர் மாத இதழின் ஆசிரியர் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன் கந்தவேல் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே மூடுபனியும் நானும் நலம். அங்கே தாங்களும், படம் வரைபவரும், குறிப்பாக அவருடைய வலது கையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். முதியவர்கள் சிறுவர் இதழுக்கு எழுதலாமா என்று தெரியவில்லை. கூடாது என்றால் தாங்கள் இந்த இடத்திலேயே மடித்து வைத்துவிடலாம்.

தங்கள் ‘வேரடி வீடு’ படக்கதையை விடாமல் படிக்கிறேன். அம்மா எங்கே என்று தெரியாத அணில்குட்டி கொறி, அவளை வளர்க்கும் ஆமை, சமைத்துப்போடும் காக்கை, மூவரும் மரத்தின் வேரடி வளையில் குடியிருப்பது எத்தனை அழகு! படக்கதைப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருப்பதே அபூர்வம் என்பதை முதலில் ஒரு குறையாகத்தான் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அப்பா அம்மா கூடவே இருந்தால் “மழையில போகாத” என்று முதல் கட்டத்திலேயே கதை முடிந்துவிடும். அவர்கள் இல்லாததால்தான் பிள்ளை வெளியே போகிறது, வழியில் வந்தவர்களெல்லாம் வீட்டுக்காரர்கள் ஆகிறார்கள். அதிலும் தங்கள் கதையில் கொறியைப் பார்த்து யாரும் ‘ஐயோ பாவம்’ என்று சொன்னதே இல்லை. பழைய இதழ்களையும் எடுத்துச் சரிபார்த்துவிட்டேன்.

எங்கள் வீடும் கிட்டத்தட்ட அப்படித்தான். வீட்டுக்கார அம்மா அடைக்கலமேரி கீழே சாக்லேட் செய்து கடைகளுக்குப் போடுகிறார், நான் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். பின்கட்டில் குடியிருந்த நர்ஸ் ஷர்மிளா குவைத்துக்குப் போனபோது மகள் ரம்யாவை மேரியம்மாளிடம் விட்டுப்போனாள். மேரியம்மாளுக்கு அடுப்படிச் சோலியே தலைக்குமேல் இருந்ததால், வீட்டுப்பாடமும் பள்ளிக்கூடமும் எப்படியோ மாடியேறி என்னிடம் வந்துவிட்டன. அந்த வகையில் பெற்றோர் கூட்டத்துக்கும் நான்தான் போனேன்.

“சார், நீங்க ரம்யாவுக்கு என்ன ரிலேஷன்?” என்று ஜூலியட் டீச்சர் கேட்டார்.

பெரியப்பா, சின்னத்தாத்தா, ஒன்றுவிட்ட மாமா என்று உறவுப் பெயருக்கு நம் மொழியில் பஞ்சமா? ஆனால் ஒன்றுகூட எனக்குப் பொருந்தவில்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

“மாடியில இருக்கேங்க” என்றேன்.

“மாடியில யாரு வேணாலும் இருப்பாங்க சார். பேரன்ட்ஸ் இல்லேன்னா கார்டியனாவது வரணும்ல?”

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கதவுவரை போய்விட்டேன். அப்போது ரம்யா கத்தினாள்: “மிஸ், அவருதான் எங்க ஆமை!”

வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் “ஓ...” என்றார்கள். ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. “அப்படிச் சொல்லுங்க சார். உக்காருங்க” என்று டீச்சரே நாற்காலியை இழுத்துப்போட்டார். அகராதியில் இல்லாத ஓர் உறவைத் தாங்கள் உண்டாக்கியிருக்கிறீர்கள் ஐயா. மேரியம்மாளுக்குத்தான் சற்று வருத்தம். “அப்ப நான் காக்காவா? ஏண்டி, மயிலுன்னு சொன்னா என்ன கொறைஞ்சா போயிருவ?”

இப்படி இருக்கையில், இந்த மாத இதழின் கடைசிப் பக்கத்தில் தாங்கள் இடியை இறக்கிவிட்டீர்கள். ‘கொறியின் அம்மா கிடைத்துவிட்டாள்! அடுத்த இதழில் உச்சிக்கிளைக்குப் பயணம்!’ ரம்யா படித்துவிட்டு, “ஆமையால மரம் ஏற முடியாதே” என்றாள். அறிவியல் படித்தவன், மறுக்க முடியவில்லை. அதே நாளில் ஷர்மிளாவும் போனில், “லீவுல வாரேன் கண்ணு, உன்னையும் இங்க கூட்டிட்டு வந்துருதேன்” என்று சொல்லித்தொலைத்தாள். அதிலிருந்து பிள்ளை தாயிடம் பேசுவதில்லை. வீடியோ கால் வரும் நேரம் பார்த்து மேரியம்மாளின் போனை எடுத்து ஒரு சாக்லேட் டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுகிறாள். ஒருநாள் அந்த டப்பாவே ஏரிக்கரைக் கடைக்குப் போய்விட்டது. உள்ளே மணியடிக்கிறதே என்று ஒரு சுற்றுலாக்காரர் திறந்து, எதையோ அழுத்தியிருக்கிறார். முந்திரி சாக்லேட்டுகளுக்கு நடுவே ஷர்மிளா தோன்றி, “கண்ணு, அம்மா மேல கோவமா?” என்று அழுதாளாம். அந்த மனிதர் பயந்துபோய், “இல்லம்மா, நல்லாருக்கேன்” என்றாராம்.

சிரிக்க முடியவில்லை ஐயா. தாய் அங்கே அழுகிறாள், பிள்ளை இங்கே வாயைத் திறக்க மறுக்கிறது. ஆகவே கொறியின் அம்மாவைத் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம். ஒரு தாய் வரக்கூடாது என்று எழுதுவது சரியா என்று எனக்கே சந்தேகம். இதை ரம்யாவுக்காகக் கேட்கிறேனா, எனக்காகக் கேட்கிறேனா என்பதும் விளங்கவில்லை. என்றாலும் கேட்கிறேன்.

பழனியாண்டவர் தங்கள் இதழைக் காக்கட்டும். சலேத் மாதாவும் கூடவே காக்க வேண்டும் என்று மேரியம்மாள் சேர்க்கச் சொன்னார்.

பணிவன்புடன்,
கந்தவேல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஷர்மிளாவே வந்து நிற்கிறாள்! தகவல் சொல்லாமல், வெள்ளனே வரும் பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறாள். ரம்யா என் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “நான் மரத்துக்கு வரமாட்டேன்” என்றாள். ஷர்மிளா திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். மேரியம்மாள்தான் ‘பட்டாணி’யை எடுத்துக் கொடுத்தார். பெட்டிமேலேயே உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் படித்தவள், “இதுக்குப் போயா என்கிட்ட பேசல? ஏண்டி, அணிலுக்கு மரத்துல இருந்து எறங்கத் தெரியாதாக்கும்? நான் எறங்கியே வந்துட்டேன். இங்கனயே ஏதாச்சும் ஆஸ்பத்திரியில வேலை பாத்துக்கிருதேன்” என்றாள். ரம்யா நாற்காலிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

எனவே மேலே கேட்ட அனைத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கொறியின் அம்மா வரட்டும், வெரசாகவே வரட்டும். வளையை மட்டும் சற்று அகலமாக வரையச் சொல்லவும்.